ஒப்ஷனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனுப்புபவர்: வணிகக் கல்வி ஆசிரியர், களுவாஞ்சிகுடி

அனைவருக்கும் வணக்கம்.

உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் பங்குச் சந்தை பற்றி ஒரு வகுப்பு நடத்துகிறேன். பங்கு, முறி, திறைசேரி உண்டியல் வரைக்கும் சிக்கல் இல்லை. ஒப்ஷன் தொடங்கியதும் வகுப்பு ஊமையாகிவிட்டது. நிஃப்டி (இந்தியப் பங்குச் சுட்டெண்) ஒப்ஷன் காணொளிகளைப் பிள்ளைகள் கைபேசியில் பார்க்காமல் இல்லை. கோல், புட், பிரீமியம் எல்லாம் நாக்கில் இருக்கின்றன. "சரி, இந்த விலையை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டால்தான் ஒருவரும் வாய் திறக்கிறார் இல்லை.

அடுத்த வகுப்பை முழுக்கக் கலந்துரையாடலாக வைக்கப்போகிறேன். கேள்வித்தாள் தமிழில் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன்: ஸ்ட்ரைக் பிரைஸ் 'வேலைநிறுத்த விலை' ஆகிவிட்டது, ஒப்ஷன் எழுதுபவர், அதாவது அதை விற்பவர், 'விருப்ப எழுத்தாளர்' ஆகிவிட்டார். போன கிழமை நானாகவே 'தெரிவு ஒப்பந்தம்' என்று பலகையில் எழுதினேன். அதைப் பார்த்தும் ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

சொல்லுக்குள் வர வேண்டிய பொருள் இதுதான்: ஒரு பொருளைப் பேசிய விலையில் (ஸ்ட்ரைக் பிரைஸ்), குறித்த திகதிக்குள் வாங்கவோ (கோல்) விற்கவோ (புட்) உள்ள உரிமை. உரிமை மட்டும், கடமை அல்ல. அதற்கு முன்கூட்டியே ஒரு தொகை (பிரீமியம்) கட்ட வேண்டும், அது திரும்பி வராது. வெள்ளி இரவு அச்சடிக்க வேண்டும்.

அனுப்புபவர்: வங்கி அலுவலர், மட்டக்களப்பு

சேர், 'தெரிவு' வேண்டாம். தெரிவத்தாட்சி அலுவலர்தான் கண்ணுக்கு முன்னால் வருவார். 'விருப்பு' என்று தொடங்கினால் விருப்பு வாக்கு. பிரீமியத்துக்குக் காப்புறுதிக்காரர் 'கட்டுப்பணம்' என்பதுண்டு. வேட்பாளர்கள் கட்டுப்பணம் இழந்த செய்தியைப் படித்துப் படித்து அதுவும் கெட்டுப்போயிற்று. நல்ல சொல்லையெல்லாம் தேர்தல் ஆணைக்குழு எடுத்துக்கொண்டுவிட்டது. பேசாமல் ஒப்ஷன் என்றே எழுதுங்கள். வாயால் செக் என்கிறோம், கையால் காசோலை என்று எழுதுகிறோம், இரண்டும் ஓடுகின்றன.

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைதீவு

> பேசாமல் ஒப்ஷன் என்றே எழுதுங்கள்.

1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு நான் அப்படி எழுத மாட்டேன். தம்பி எழுதட்டும்.

சொல் நம்மிடமே இருக்கிறது. 'லளவேற்றுமையில் றடவும் அல்வழி அவற்றோடு உறழ்வும்' என்று நன்னூலில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கல்குறிது என்றும் சொல்லலாம், கற்குறிது என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் இடம் உண்டு, ஒன்றுக்கும் கட்டாயம் இல்லை. இதற்கு இலக்கணம் வைத்த பெயர் உறழ்வு. உரிமை உண்டு, கடமை இல்லை என்று ஆசிரியர் கேட்ட பொருள் இதுவேதான். கொள்வுறழ்வு, விற்புறழ்வு. பிரச்சினை முடிந்தது.

அனுப்புபவர்: வணிகப் பட்டதாரி, மருதமுனை

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நன்னூல் 'போல, புரைய, ஒப்ப, உறழ' என்று இந்தச் சொல்லை உவம உருபுகளிலும் அடுக்கி வைத்திருக்கிறதே. உரையாசிரியர்கள் பெருக்கல் கணக்குக்கும் உறழ்தல் என்கிறார்கள். பங்குக் கணக்குப் படிக்கும் பிள்ளைக்கு 'உறழ்வு' என்றால் எதை எதனால் பெருக்குவது?

இன்னொன்று. கல்குறிது என்று சொல்ல நான் யாருக்கும் பிரீமியம் கட்டுவதில்லை. நாளைக்குள் சொல்லாவிட்டால் அந்த உரிமை காலாவதியாவதும் இல்லை.

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைதீவு

மகள் நன்றாகப் படித்திருக்கிறார், மகிழ்ச்சி. ஆனால் வேரைப் பாருங்கள். உறு என்றால் நெருங்கு. இரண்டு பொருள் நெருங்கினால் ஒப்பு வரும், இன்னும் நெருங்கினால் மாறுபாடு வரும், அதற்கும் மேலே போனால் சண்டை வரும். உவமை, பெருக்கல், விகற்பம், பகை எல்லாம் ஒரே வேரின் கிளைகள். சந்தை என்றால் என்ன? வாங்குபவனும் விற்பவனும் நெருங்கி முரண்படும் இடம். ஆகவே உறழ்வு சந்தைக்கென்றே பிறந்த சொல்.

அதோடு உறழ்கலியை மறந்துவிட்டோம். 'கூற்றும் மாற்றமும் இடையிடை மிடைந்தும் போக்கின்றாகல்' என்று தொல்காப்பியர் அதற்கு இலக்கணம் சொல்கிறார். ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்க, மாறி மாறிப் போகும் பாட்டு; முடித்து வைக்கும் 'போக்கு' என்ற உறுப்பு அதற்கு இல்லை. வகுப்பில் பேச்சு எழவில்லை என்பதுதானே ஆசிரியரின் குறை? பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, விலை ஏறும் என்பவர் ஒரு பக்கம், இறங்கும் என்பவர் மறு பக்கம் என்று உறழச் சொல்லுங்கள். சொல்லும் கிடைக்கும், பேச்சும் கிடைக்கும். கலித்தொகையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

அனுப்புபவர்: வங்கி அலுவலர், மட்டக்களப்பு

போக்கு இல்லாமல் முடிவதுதான் உறழ்கலி என்றால் நாம் இப்போது அதைத்தான் பாடிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்குப் புதன்கிழமை.

அனுப்புபவர்: கணக்காளர், அக்கரைப்பற்று

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும்.

அறபியில் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒரு வியாபாரம் உண்டு, பைஉல் உர்பூன். வாங்க நினைப்பவர் விற்பவரிடம் ஒரு தொகை கொடுத்து வைப்பார். வாங்கினால் அது விலையில் கழியும், வாங்காவிட்டால் விற்பவருக்கே போய்விடும். ஹம்பலி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபு) இதை அனுமதிக்கிறது. நம் பகுதியில் பின்பற்றும் ஷாபிஈ உட்பட மற்ற மூன்றும் அனுமதிப்பதில்லை. இன்றைய சந்தை ஒப்ஷன்களை வைத்து 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகடமி, அவை கூடாது என்றே தீர்ப்புச் சொன்னது. வெறும் உரிமையை, அது பொருளும் அல்ல பயனும் அல்ல என்ற நிலையில், விற்க முடியாது என்பது காரணம். என்னிடம் வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இது. அந்த விவாதத்தை இங்கே நடத்த வேண்டாம், சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன்.

உர்பூனைத் தமிழில் விளக்கும்போது எனக்கு ஒரு சொல்தான் வாயில் வரும்: அச்சாரம். எங்கள் பெரியவர்கள் அச்சவாரம் என்பார்கள். வயல் காணி ஒன்று ஏக்கர் 10 இலட்சத்துக்குப் பேசி, 50,000 அச்சாரம் போட்டு, மூன்று மாதத் தவணை வாங்குகிறோம். புது வீதி வருகிறது என்று கதை அடிபட்டுக் காணி 12 இலட்சமானால் வாங்குவோம். 8 இலட்சத்துக்கு இறங்கினால் 50,000ஐ விட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். பிள்ளைகளுக்கு இதற்கு மேலே விளக்கம் தேவையா?

அனுப்புபவர்: வணிகக் கல்வி ஆசிரியர், களுவாஞ்சிகுடி

கணக்காளர் ஐயாவின் காணிக் கதையை இன்று பின்னேரம் இரண்டாம் வருட மாணவர் சிலரிடம் அப்படியே சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒருவன், எப்போதும் தூங்குகிறவன், எழும்பிவிட்டான். "சேர், இது எங்கட அப்பா செய்யிற வேலதானே. அவர் காணிய வாங்குறல்ல. அச்சாரம் போட்டுட்டு, தவணைக்கு முதல் வேற ஆளுக்குக் கைமாத்தி விட்டுருவார்." தகப்பன் காணித் தரகர். ஒப்ஷனை வைத்திருந்து நிறைவேற்றுவதைவிடத் தவணைக்கு முன்னரே விற்றுத் தள்ளுவதுதான் சந்தையில் அதிகம் நடக்கிறது என்பதை நான் அரை மணித்தியாலம் விளக்கியிருப்பேன். அவன் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டான். பிறகு வகுப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. அச்சாரம் வாங்கியவர் காணியை வேறு ஆளுக்கு விற்றுவிட்டால்? காணியே இல்லாதவர் அச்சாரம் வாங்கினால்?

அந்தக் கடைசிக் கேள்வியை வைத்தே ஒரு முழு வகுப்பு எடுக்கலாம்.

அனுப்புபவர்: நிதி மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

வணக்கம். அச்சாரம் இங்கேயும் புழங்கும் சொல்தான், ஆனால் கணக்கு இடிக்கிறது. காணிக்கு அச்சாரம் போட்டால் மீதி 9.5 லட்சம் கொடுத்தால் போதும். ஆப்ஷனில் பிரீமியம் விலையில் கழியாது. பேசிய 10 லட்சத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும், மேலே 50,000 போனது போனதுதான். ஆக 10.5 லட்சத்தைத் தாண்டினால்தான் லாபம். இந்த ஒரு வித்தியாசத்தில் மாணவர்கள் தேர்வில் கோட்டை விடுவார்கள்.

இரண்டாவது, ஆசிரியர் 'குறித்த திகதிக்குள்' என்று எழுதியிருக்கிறார். அது அமெரிக்க வகை. பிள்ளைகள் பார்க்கும் நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, முடிவு நாளில் மட்டுமே நிறைவேற்ற முடியும். இடையில் விற்கலாம், அது வேறு.

மூன்றாவது, அச்சாரம் என்பது பிரீமியத்தின் பெயர், ஒப்பந்தத்தின் பெயர் அல்ல. நான் 'விருப்புரிமை' என்று எழுதி வருகிறேன். இலங்கையில் விருப்பு வாக்கு இருப்பதற்காக எட்டுக் கோடிப் பேரும் அந்தச் சொல்லைக் கைவிட முடியுமா? கால், புட் இரண்டுக்கும் கொள்முதல் விருப்புரிமை, விற்பனை விருப்புரிமை.

அனுப்புபவர்: வணிகப் பட்டதாரி, மருதமுனை

கொள்முதல் இல்லை, கொள்வனவு. அதையும் விட்டுக்கொடுத்தால் எங்கள் கணக்கீட்டுப் புத்தகங்களை எல்லாம் திருப்பி அச்சடிக்க வேண்டும்.

அச்சாரம் விலையில் கழியும் என்ற வாதம் சரி. ஆனால் அந்த வேறுபாட்டைச் சொல்லே சுமக்க வேண்டுமா? 'விருப்புரிமை'க்குள்ளும் பணம் கழியுமா கழியாதா என்று எழுதியில்லை. அதில் பணம் என்ற பேச்சே இல்லை. அச்சாரம் என்றால் குறைந்தது "கழியுமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கணக்காளர் காக்கா (அண்ணன்) சொன்ன உதாரணத்தோடு 'அச்சார உரிமை' என்று போட்டால் ஒப்பந்தத்தின் பெயரும் ஆகிவிடும்.

அனுப்புபவர்: வங்கி அலுவலர், மட்டக்களப்பு

எனக்கு வேறு ஒரு பயம். அச்சாரம் என்பது வீட்டுச் சொல். போனால் அச்சாரம் மட்டும்தானே என்று கேட்க இதமாக இருக்கிறது. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மூன்று நிதியாண்டுகளில், பியூச்சர் (பேசிய விலையில் பின்னொரு நாளில் வாங்கவோ விற்கவோ கட்டாயம் உள்ள ஒப்பந்தம்), ஒப்ஷன் ஆகியவற்றில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாய்க்கு மேல். வாங்குபவர் ஒவ்வொரு தடவையும் சின்னச் சின்னதாக விடுகிறார், விட்டதை எண்ணுவதில்லை. அச்சாரம் வாங்குபவர் பக்கம் இன்னும் மோசம். கையில் பங்கு இல்லாமல் கோல் விற்றவருக்கு விலை ஏற ஏற நட்டத்துக்கு எல்லையே கிடையாது. காணித் தரகரின் மகன் கேட்ட கேள்வி அதுதான்.

இங்கிருந்து வெளிநாட்டுத் தரகருக்குப் பணம் அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டத்தோடு முட்டும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள் சேர்.

ஆகவே வாயில் நுழையாத அந்நியச் சொல்லாகவே இருக்கட்டும். கொஞ்சம் பயம் இருக்கும்.

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைதீவு

பயமுறுத்துவதற்காக ஆங்கிலம் என்பது புதிய கொள்கை.

அச்சாரம் தமிழ் என்று யார் சொன்னது? வடமொழியில் சத்தியங்காரம் என்று இதே பொருளில் ஒரு சொல் உண்டு. பேரத்தை மெய்யாக்கக் கொடுப்பது. அது தேய்ந்து தேய்ந்து அச்சாரம் ஆயிற்று என்பது என் துணிபு. இடையில் தெலுங்கு, கன்னடம் வழியாக வந்திருக்கலாம். உறழ்வு நம் சொந்தச் சொத்து. வீட்டில் நெல் இருக்க ஊரில் கடன் வாங்குவானேன்?

அனுப்புபவர்: கணக்காளர், அக்கரைப்பற்று

ஐயா சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் தேய்ந்து நம் வாய்க்கு வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று? அரிஸ்டோட்டில் சொல்லும் கதை ஒன்று உண்டு. தேலீஸ் என்ற ஞானி மாரிகாலத்திலேயே, அடுத்த பருவம் ஒலிவ் நன்றாக விளையும் என்று கணித்து, மிலேத்திலும் கியோசிலும் இருந்த செக்குகளுக்கெல்லாம் சிறு தொகை கொடுத்து வைத்தாராம். விளைச்சல் வந்ததும் செக்குகளைத் தான் சொன்ன வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தாராம். ஒப்ஷன் புத்தகங்கள் பலவற்றில் இந்தக் கதை வரும். நம்மூர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொல்லி, அவர் கொடுத்தது என்ன என்று கேளுங்கள். உறழ்வு என்று சொல்ல மாட்டார்.

அனுப்புபவர்: வணிகக் கல்வி ஆசிரியர், களுவாஞ்சிகுடி

வெள்ளி இரவு ஒன்பது மணி. கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். தாள் இப்படிப் போகிறது.

தலைப்பில் 'அச்சார உரிமை', கீழே சின்ன எழுத்தில் 'ஒப்ஷன்'. கோல் கொள்வனவு உரிமை, புட் விற்பனவு உரிமை. ஸ்ட்ரைக்குக்குப் 'பேசிய விலை'. எக்ஸ்பயரிக்குத் 'தவணைத் திகதி'. எழுதுபவர் 'அச்சாரம் வாங்கியவர்'. அச்சாரம் விலையில் கழியாது என்பதை முதல் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறேன். ஐரோப்பிய வகைத் திருத்தமும் செய்தாயிற்று, கோவை நண்பருக்கு நன்றி.

முதல் கேள்வி: 100 ரூபாய்ப் பங்குக்கு 110 பேசிய விலை, அச்சாரம் 4 ரூபாய். தவணை நாளில் பங்கு 112. நீ உரிமையை நிறைவேற்றுவாயா, விடுவாயா? (நிறைவேற்றினாலும் 2 ரூபாய் நட்டம், ஆனால் விட்டால் 4 போகும். இதில் நிச்சயம் சண்டை வரும்.) இரண்டாவது: காணியே இல்லாதவர் அச்சாரம் வாங்கலாமா? ஐயா சொன்னபடி இரண்டு அணியாகப் பிரித்தே நடத்துகிறேன், அந்தப் பகுதிக்கு 'உறழ் அரங்கு' என்று பெயரும் வைத்துவிட்டேன்.

அனுப்புபவர்: நிதி மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

வகுப்புக்குச் சரி. என் சொல்லடைவில் விருப்புரிமைதான் இருக்கும். அச்சார உரிமையைப் பக்கத்தில் 'இலங்கை வழக்கு' என்று குறித்துக்கொள்கிறேன்.

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைதீவு

தலைப்பு மட்டும் அரங்குக்கு, பொருள் அடுத்தவருக்கு. நல்லது. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும். எதிர்த்தாலும் பிழையாக அச்சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது: அச்சாரவுரிமை என்று சேர்த்து எழுதுங்கள். வகர உடம்படுமெய் எங்கே போயிற்று?

அனுப்புபவர்: வணிகப் பட்டதாரி, மருதமுனை

சேர், அச்சுக்குப் போக முன்னம் மூன்றாம் கேள்வியைப் பாருங்கள், 'அசைன்மென்ட்' (உரிமையை நிறைவேற்றிக் கொடுக்கும் கடமை அச்சாரம் வாங்கியவர் தலையில் விழுவது) அப்படியே கிடக்கிறது. ஒப்படை என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், திங்கட்கிழமை எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள்.