லூதரின் இறையியலையும் அரசியலையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி – ஏடுபுரட்டி

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிறிஸ்தவ சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரைப் பற்றிய உரையாடல்களில் ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது. மனிதன் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான், அதாவது கடவுள் முன் நேர்மையானவனாக ஏற்கப்படுகிறான் என்ற அவருடைய போதனையை ஏற்றுக்கொள்ளலாம். 1525இல் கிளர்ந்தெழுந்த குடியானவர்களை ஈவிரக்கமின்றி வெட்டி வீழ்த்தும்படி ஆட்சியாளர்களைத் தூண்டியதையும், 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதியதையும் அக்காலத்து அரசியல் என்று ஒதுக்கிவிடலாம் என்கிறார்கள். இது நேர்மையான பிரிப்பா, அல்லது நமக்குப் பிடிக்காதவற்றுக்கெல்லாம் அரசியல் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் வசதியா? அவரவர் விருப்பத்தைத் தாண்டிய அளவுகோல் ஏதேனும் உண்டா?

மறுமொழி – தனிவழி

1525ஐப் பொறுத்தவரை பிரிக்க முடியாது என்பதே என் கருத்து. மெம்மிங்கன் நகரில் அந்த ஆண்டு மார்ச்சில் உருவான பன்னிரண்டு கோரிக்கைகளில் மூன்றாவதைப் பாருங்கள். கிறிஸ்து தம் இரத்தத்தைச் சிந்தி ஆடு மேய்ப்பவர் முதல் மேல்நிலையில் உள்ளவர் வரை எல்லாரையும் மீட்டுக்கொண்டதால், தங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது தகாது என்று குடியானவர்கள் வாதிட்டார்கள். வரியையும் காட்டுரிமையையும் பற்றிய கோரிக்கைகளும் அதில் உண்டு. ஆனால் இந்த ஒன்று முழுக்க முழுக்க இறையியல் வாதம். லூதர் தந்த பதிலும் அப்படிப்பட்டதுதான். கிறிஸ்தவச் சுதந்தரத்தை உடல் சார்ந்ததாக்கிவிட்டீர்கள், சிறைப்பட்டவனும் நோயாளியும் கிறிஸ்தவர்களாக இருப்பதுபோல அடிமையும் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். மீட்பு எதுவரை எட்டும் என்பதில்தான் இரு தரப்பும் மோதின. ஆன்மாவை ஆளும் அரசு வேறு, வாளேந்தும் அரசு வேறு என்ற பிரிவினையே லூதரின் போதனை. ஆகவே அவருடைய இறையியலையும் அரசியலையும் பிரிக்கப் புறப்படுகிறவர், தம்மை அறியாமலேயே அவர் பக்கம் நின்று தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறார்.

மறுமொழி – மறுகரை

மேலே சொன்னது கூர்மையான வாதம். ஆனால் அது சூழ்நிலையைக் கணக்கில் எடுக்கவில்லை. 1415இல் போஹீமியச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எரிக்கப்பட்டதுபோல லூதரும் முடிந்துபோகாததற்கு முக்கியக் காரணம், 1521இல் லூதரை விசாரித்த வோர்ம்ஸ் பேரவை முடிந்தபின் சாக்சனி ஆட்சியாளர் பிரடெரிக் அவரை வார்ட்பர்க் கோட்டையில் மறைத்துவைத்ததே. சிற்றரசர்களின் நிழலில் உயிர்பிழைத்த இயக்கம் அவர்களுக்குச் சாதகமாகப் பேசியதில் வியப்பில்லை. மேலும், பேரரசரை ஆயுதமேந்தி எதிர்க்கக் கூடாது என்று முன்பு சொல்லிவந்த லூதர், 1530இல் டோர்கா நகரில், சட்டம் அதற்கு இடம் தருகிறது என்ற சட்ட வல்லுநர்களின் கருத்துக்கு இணங்கினார். நீதிமானாக்கப்படுதல் பற்றிய போதனையோ கடுகளவும் மாறவில்லை. ஒன்று அசையாமல் நிற்க மற்றொன்று இடம் மாறியிருக்கிறது என்றால், இரண்டும் ஒரே பொருளாக இருக்க முடியாது.

பின்னாளைய சான்று ஒன்றும் உண்டு. நாட்சி ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த நார்வேயில், 1942இல், லுத்தரன் ஆயர்கள் பிப்ரவரியிலும் போதகர்கள் ஈஸ்டர் நாளிலும், நாட்சிகளுக்குத் துணைநின்ற குவிஸ்லிங்கின் ஆட்சியின்கீழ் வகித்த அரசுப் பதவிகளைத் துறந்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியின் லுத்தரன்களில் பலர், அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற, விவிலியத்தின் ரோமர் நூல் 13ஆம் அதிகாரத்தைச் சொல்லி அமைதி காத்தார்கள். ஒரே விசுவாச அறிக்கையிலிருந்து இரண்டு அரசியல்கள் பிறந்தன.

மறுமொழி – அகலிகை

1543இன் நூலை 1525இன் நூலோடு ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். ஜெப ஆலயங்களை எரிக்கவும், வீடுகளை இடிக்கவும், ஜெபப் புத்தகங்களைப் பறிக்கவும் அதில் ஆட்சியாளர்களுக்கு அவர் ஆலோசனை கூறினார். அதே லூதர் 1523இல், ஆன்மாவின்மேல் வாளுக்கு அதிகாரம் இல்லை, விசுவாசத்தைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது என்று எழுதியவர். எனவே 1543ஐ அவருடைய சொந்தப் போதனையைக்கொண்டே கண்டிக்கலாம். 1984இல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், 1994இல் அமெரிக்காவின் மிகப் பெரிய லுத்தரன் சபையும் அந்த எழுத்துகளை நிராகரித்தன. அதற்காகத் தங்கள் விசுவாச அறிக்கையில் ஒரு வரியையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஏடுபுரட்டி கேட்ட அளவுகோலை நான் இதிலிருந்தே எடுப்பேன். அரசியல் தீர்ப்புக்கு ஆசிரியரே எந்தக் காரணத்தைக் காட்டுகிறார், அந்தக் காரணம் அவருடைய மையப் போதனையிலிருந்து வருகிறதா அல்லது அதை முறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் யூத எதிர்ப்பு முழுவதும் வெறும் அரசியல் என்று நழுவிவிடவும் முடியாது. யூதர்கள் கடவுளால் கைவிடப்பட்டவர்கள் என்ற நம்பிக்கை அந்நூலின் நடுவிலேயே நிற்கிறது. அதற்கு இறையியல் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

ஏடுபுரட்டி

மூவருக்கும் நன்றி. அப்படியானால் 1525இன் கடுமையான சிறுநூல் அகலிகையின் அளவுகோலில் எந்தப் பக்கம் விழும்? கோபத்தில் எழுதியது என்று அதைத் தள்ளிவிடலாமா?

தனிவழி

தள்ள முடியாது. அந்த மே மாதத்தில் ஃபிராங்கன்ஹவுசனில் குடியானவர் படை சிதறடிக்கப்பட்டு, அவர்களை வழிநடத்திய போதகர் தாமஸ் முன்ட்ஸரும் கொல்லப்பட்ட பின்னர், நண்பர்களே முகம் சுளித்ததால் லூதர் ஒரு விளக்கக் கடிதம் வெளியிட்டார். கோபம் தணிய அவகாசம் இருந்தும் அவர் அதில் எதையும் திரும்பப் பெறவில்லை. கடவுளின் அரசில் இரக்கம் ஆள்கிறது, உலகின் அரசிலோ கண்டிப்பும் தண்டனையும்தான் ஆள வேண்டும், இரண்டையும் கலக்கிறவர்களே தம்மைக் குறைகூறுகிறார்கள் என்று வாதிட்டார். சிறுநூலுக்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.