மேற்கு ரோமப் பேரரசர் ஹொனோரியஸும் அவரை எதிர்த்தெழுந்த தளபதிகளும்: நேரில் கண்ட தடயங்கள்

லண்டனிலிருந்து ஓர் உறுப்பினர்:

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஹாக்ஸன் என்ற ரோமானியப் புதையலைப் பார்க்க வருவோரில் பெரும்பாலோர், சீமாட்டி உருவில் செய்யப்பட்ட வெள்ளி மிளகுச் சிமிழின் முன்தான் கூடுகிறார்கள். (நம் பக்கத்து மிளகு அதில் இருந்திருக்கும் என்பதால் நானும் அதை விட்டுவிடவில்லை.) என்னை அங்கே நெடுநேரம் நிறுத்திவைத்தவை காசுகள். 1992-இல் சஃபோக் வட்டார வயலொன்றில் கிடைத்த ஏறத்தாழ 15,000 நாணயங்களில் காலத்தால் பிந்தியவை மூன்றாம் கான்ஸ்டன்டைனுடையவை. 406–407-இல் பிரிட்டனிலிருந்த ரோமப் படையினர், மார்க்கஸ், கிரேஷியன் ஆகிய இருவரை அடுத்தடுத்துப் பேரரசராக அறிவித்து, இருவரையும் தாங்களே கொன்றுவிட்டு, மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தவர் இவர். முற்காலப் பேரரசர் பெரிய கான்ஸ்டன்டைனின் பெயரைக் கொண்டிருந்ததுதான் இவருக்கிருந்த தகுதி என்று அக்கால வரலாற்றாசிரியர் ஓரோசியஸ் ஏளனமாக எழுதியிருக்கிறார்.

வெள்ளிக் காசுகளை உற்றுப் பார்த்தால், விளிம்பைச் சுற்றிலும் வெட்டி வெள்ளியைச் சுரண்டியிருப்பது தெரிகிறது. பேரரசரின் முகத்தை மட்டும் பெரும்பாலும் தொடவில்லை. கான்ஸ்டன்டைன் படையோடு கடலைக் கடந்து கௌல் நாட்டுக்கு (இன்றைய பிரான்ஸ் பகுதி) போன பிறகு, தீவுக்குப் புதுக் காசு வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. கௌலின் லியோன் நகரில் அவர் அடித்த நாணயங்களோ நான்கு பேரரசர்களின் வெற்றியைக் கொண்டாடுகின்றன: ஹொனோரியஸ், கிழக்கை ஆண்ட அண்ணன் ஆர்க்கேடியஸ், ஆர்க்கேடியஸின் மகன் தியோடோசியஸ், நான்காவதாகத் தாம். ஹொனோரியஸை இறக்குவதைவிட அவர் பக்கத்தில் ஓர் இடம் பிடிப்பதே இவர் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். 409-இல் ஹொனோரியஸ் வேறு வழியின்றி பேரரசர் பதவியின் அடையாளமான ஊதா அங்கியை அவருக்கு அனுப்பிவைத்தார்.

வட இத்தாலியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அந்த ஹொனோரியஸை ஆல்ப்ஸ் அடிவாரத்து ஆவோஸ்தா பேராலயத்தில், 406-ஆம் ஆண்டுத் தந்தப் பலகைகளில் பார்த்தேன். தலைக்குப் பின்னே ஒளிவட்டம், மார்பில் கவசம், கையில் ‘கிறிஸ்துவின் பெயரால் எப்போதும் வெல்வாயாக’ என்ற கொடி. போர்க்களத்தில் ஒருநாளும் படை நடத்தாதவருக்கு இவ்வளவும்! அதே ஆண்டில் ஃபீசூலே அருகே, இத்தாலிக்குள் படையெடுத்து வந்த கோத்தியத் தலைவன் ரடகைசஸை முறியடித்தவர் ஹொனோரியஸின் தளபதி ஸ்டிலிக்கோ. இரண்டே ஆண்டுகளில், 408 ஆகஸ்டில், டிசினத்தில் (இன்றைய பாவியா) பேரரசர் இருக்கும்போதே படைவீரர்கள் கலகம் செய்து ஸ்டிலிக்கோவின் ஆதரவாளர்களைக் கொன்று தீர்த்தார்கள். சில நாட்களில், அரசவை இருந்த ரவென்னாவில் ஸ்டிலிக்கோவின் தலையும் வெட்டப்பட்டது. கிளர்ச்சிக்காரர்களை அடக்கக்கூடிய ஒரே ஆளை அரசவையே அழித்துக்கொண்டது என்பேன்.

ஆர்ல் நகருக்குச் சென்றுவந்த ஓர் உறுப்பினர்:

மூன்றாம் கான்ஸ்டன்டைனின் தலைநகரான, தென் பிரான்சின் ஆர்லில் ரோன் ஆற்றங்கரைக் குளியல் மண்டபம் பெரிய கான்ஸ்டன்டைன் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மூன்றாம் கான்ஸ்டன்டைனுக்கு நான் கண்டவரை ஒரு பலகைகூட இல்லை. ஹொனோரியஸ் பிழைத்ததற்குக் காரணம் ரவென்னாவைச் சூழ்ந்த சதுப்பு நிலம் மட்டுமன்று என்பது என் கருத்து. கிளர்ச்சி செய்தவருக்கு எதிராகவும் அவருடைய தளபதியே கிளர்ச்சி செய்தார். ஸ்பெயினிலிருந்த ஜெரோன்டியஸ், மாக்ஸிமஸ் என்பவரைப் பேரரசராக்கி, கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்ஸை கௌலின் வியென் நகரில் கொன்று, 411-இல் ஆர்லையே முற்றுகையிட்டார். ஹொனோரியஸின் தளபதி கான்ஸ்டான்டியஸ் வந்ததும் ஜெரோன்டியஸின் வீரர்கள் அவரைக் கைவிட்டார்கள். கான்ஸ்டன்டைன் குருப்பட்டம் பெற்றுச் சரணடைந்தும், ஹொனோரியஸிடம் கொண்டுபோகும் வழியிலேயே கொல்லப்பட்டார். கான்ஸ்டான்டியஸ் பிறகு ஹொனோரியஸின் சகோதரி கல்லா பிளாசிடியாவை மணந்து, 421-இல் இணைப் பேரரசராகி, அதே ஆண்டில் இறந்தார். ஹொனோரியஸ் 423 வரை ஆண்டு, நோயுற்று இறந்தார்.