பத்திரத்திலும் ஆபீஸிலும் மேடையிலும் மாட்டிய சொற்கள்

தாத்தா வாங்கிய நிலத்துக்குப் பட்டா மாறுதல் செய்ய வேண்டியிருந்தது. பழைய கிரயப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, பெரியப்பா மகன் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான். "ஷெயார் அனுபவத்தில் இருந்துவரும்" என்ற இடத்தில் நின்றுவிட்டான். "பாருங்க, ஷேர் இருக்குன்னு அப்பவே எழுதியிருக்காங்க" என்றான். அத்தை முகம் மாறிவிட்டது. யாருடைய ஷேர், எவ்வளவு ஷேர் என்று வீடு ரெண்டுபட்டது. பத்திர எழுத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவர் சிரிக்கிறார். ஷெ என்றால் மேற்படி, ஷெயார் என்றால் மேற்படியார். அவ்வளவுதான் விஷயம்.

பழைய எழுத்தில் 'மேற்படி'க்குத் தனிக் குறியே உண்டு: ௸. கணினி எழுத்துருவில்கூட அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதே பத்திரத்தில் இன்னொரு வரி: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்". மகன் பேரன் வழியாக அனுபவிக்கலாம், தானம் தரலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்பதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டியிருந்தாலும் ஊர்ப் பெயரும் ரூபாயும் தவிர வேறெதுவும் அவருக்குப் பிடிபட்டிருக்காது. வியர்வை சிந்தி வாங்கின நிலம், ஆனால் அதில் தனக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ள இன்னொருத்தர் வாயைப் பார்க்க வேண்டும்.

உங்களை இப்படி மடக்கிய சொல் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

*

தம்பி, நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு வருஷம் ஜனவரியிலும் பிறக்காது, சித்திரையிலும் பிறக்காது. ஜூலை 1 அன்று பிறக்கும். அதற்குப் பெயர் பசலி. அக்பர் காலத்து அறுவடைக் கணக்கு, ஆங்கில வருஷத்தில் 590ஐக் கழித்தால் வந்துவிடும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் 'பசலி 1420' என்று அட்டையில் எழுதிய பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "சார், இதை மியூசியத்துக்கு அனுப்ப வேண்டாமா?" என்று கேட்டான். அது 2010ல் தொடங்கிய பதிவேடு!

என்னை நிஜமாக உறுத்திய சொல் புறம்போக்கு. வரி விதிக்கும் கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம், அதுதான் பொருள். ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், களத்துமேடு, வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் இதில் சேர்த்தி. பட்டா நிலத்தில் ஒருத்தன் குடும்பம் பிழைக்கும். புறம்போக்கில் ஊரே பிழைக்கும். ஆடு மாடு எங்கே மேயும், மழைத் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? அப்படிப்பட்ட நிலத்தின் பெயரை எடுத்து உருப்படாதவனைத் திட்டும் வசவாக வைத்துக்கொண்டோம். கஜானாவுக்குக் காசு வராவிட்டால் உதவாக்கரை என்பது சர்க்கார் புத்தி. அதை மக்களும் அப்படியே வாங்கிக்கொண்டது எப்படி என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

வசவாகிவிட்ட பிறகு அதற்காகப் பரிந்து பேச யார் வருவார்கள்? ஆக்கிரமித்தவர் குடிசைக்காரர் என்றால் உடனே நோட்டீஸ் போகும், பெரிய கை என்றால் ஃபைல் கிடப்பில் கிடக்கும். சர்க்கார் மட்டும் என்ன யோக்கியம்? பேருந்து நிலையம், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று ஏரிக்குள்ளேயே கட்டின ஊர்கள் எத்தனை! சென்னையில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து வீடு கட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, வியூ பார்க்கத்தான் லேக் இல்லை.

*

எங்கள் வீட்டில் புழங்கிய சொல் வாய்தா. பாகப்பிரிவினை வழக்கு நடந்த காலம். தினசரிக் காலண்டரில் அமாவாசைக்குப் பக்கத்திலேயே 'வாய்தா' என்று அம்மா பென்சிலால் எழுதி வைப்பார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையில் போவார், சாயங்காலம் அடுத்த தேதியோடு வருவார். வாய்தா என்றால் 'இன்றைக்கும் நடக்கவில்லை' என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். அப்புறம் உருது தெரிந்த நண்பர் சொன்னார், மூலச் சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருளாம். தேர்தல் அறிக்கைகளைப் படிக்கும்போது இது எனக்கு ஞாபகம் வராமல் இருந்ததே இல்லை.

*

கொறடா. டிவியில் 'அரசு தலைமைக் கொறடா' என்று ஓடியபோது என் மகள், "யாருப்பா இது, வில்லன் பேரு மாதிரி இருக்கு?" என்றாள். கொறடா என்றால் சவுக்கு. சட்டமன்றத்தில் தன் கட்சி உறுப்பினர்களை ஓட்டிக்கொண்டு வந்து ஓட்டுப்போட வைக்கிற ஆள் என்பதால் அந்தப் பெயர். 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு சவுக்கு வெறும் பெயராக இல்லை. கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம், 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் மட்டும் தப்பிக்கலாம். தாவலைத் தடுக்க வேண்டியதுதான், சரி. ஆனால் தொகுதிக்கு ஒரு பாதகமான மசோதா வந்தால் நம் எம்.எல்.ஏ. யார் பேச்சைக் கேட்பார்? மகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "அப்போ நீ ஏன் அவருக்கு ஓட்டுப் போட்ட?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

*

உருது, சமஸ்கிருதம் எல்லாம் எடுத்துவிட்டுத் தமிழில் மாற்றினால் மட்டும் விளங்கிவிடுகிறதா? தாலுக்காவில் வருஷா வருஷம் நிலவரிக் கணக்கைச் சரிபார்க்கிற ஜமாபந்தி என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனுவோடு கிளம்பிவிடுவார்கள். அதற்கே 'வருவாய்த் தீர்வாயம்' என்று பேனர் கட்டினால், "ஏதோ மீட்டிங் போல" என்று திரும்பி வருகிறார்கள். என் கண்ணால் பார்த்தது.

*

மேலே எழுதியவருக்கு: பாதி ஒத்துக்கொள்கிறேன். நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிற வழக்கம் எனக்கு உண்டு. சுதந்திரத்துக்கு முந்தைய தேர்தல் செய்தி ஒன்றில் 'காங்கிரஸ் அபேட்சகர்' என்று இருந்தது. கூட்டத்துக்கு 'அக்கிராசனர்', சங்கத்துக்குக் 'காரியதரிசி'. இன்றைக்கு வேட்பாளர், தலைவர், செயலாளர் என்கிறோம். அபேட்சை என்றாலும் விருப்பம், வேட்பு என்றாலும் விருப்பம். வேட்பாளரும் ஒரு காலத்தில் பண்டிதத் தமிழாகத்தான் ஒலித்திருக்கும். இப்போது டீக்கடையில் யாராவது அபேட்சகர் என்று சொன்னால் வைத்தியரைத் தேடுகிறாரோ என்று நினைப்பார்கள்.

பிறகு தீர்வாயம் மட்டும் ஏன் ஒட்டவில்லை? என் கணிப்பு இது: வேட்பாளர் மைக்கில் வந்தது, சுவரில் வந்தது, வீட்டு வாசலில் கும்பிடு போட்டு வந்தது. நமக்கும் அந்த ஆளைத் திட்டவும் பேரம் பேசவும் அந்தச் சொல் தேவைப்பட்டது. தீர்வாயம் அரசாணையில் வந்து பேனரோடு நின்றுவிட்டது. தாசில்தாரை வட்டாட்சியர் ஆக்கியதிலும் இதே கதைதான். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஆட்டோவில் ஏறியதும் 'தாலுக்கா ஆபீஸ்' என்றுதானே சொல்கிறோம்? இரண்டையும் பலகையில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

*

வில்லங்கத்தை யாருமே சொல்லவில்லையே! வங்கிக் கடனுக்காக வில்லங்கச் சான்று கேட்டார்கள். அம்மாவிடம் சொன்னதும், "நம்ம நிலத்துல என்னடா வில்லங்கம்? நாமளே போய் வில்லங்கம்னு எழுதி வாங்கிட்டு வரணுமா?" என்று ஒரே சண்டை. நிலத்தின் மேல் அடமானம், கிரயம் என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிற சான்று அது என்று விளக்கிப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியில் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்றே சான்று வந்துவிட்டது. அம்மா அதை இரண்டு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். வரப்புத் தகராறு பண்ணிக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒன்று, அவர் சம்சாரத்துக்கு ஒன்று. வரப்புத் தகராறு இந்தச் சான்றில் வராது என்று எவ்வளவோ சொன்னேன், காதில் வாங்கவே இல்லை.