தராசுக் கொம்பியூட்டருக்கு ஐஆர்கியூவைக் கையால குறிக்கிறதா, அதன்பாட்டில விடுறதா?

மாங்குளம்_மில்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட அரிசி ஆலையில லொறி நிறுக்கிற தராசோட ஒரு பழைய பென்டியம் த்ரீ நிக்குது. விண்டோஸ் இல்லை, டொஸ் எண்ட பழைய இயங்குதளத்திலதான் நேரா எழும்பும். நிறை எடுக்கிற புரோகிராமை எழுதினவர் இப்ப நாட்டில இல்லை. போன ஐப்பசி மின்னலோட மதர்போர்ட்டில இருந்த மௌஸ் போர்ட்டும், தராசு வயர் கொழுவியிருந்த கொம் 2 எண்ட சீரியல் போர்ட்டும் எரிஞ்சு போச்சு. திருத்த வந்தவர் ஒரு சீரியல் மௌஸைக் கொம் 1 இல கொழுவினார். தராசு வயருக்கு, ஐஎஸ்ஏ எண்ட பழைய ரக ஸ்லொட்டில கொழுவுற ஒரு சீரியல் காட் போட்டு, கொம் 3 எண்டு வச்சு, புரோகிராமிலயும் மாத்தி விட்டிட்டுப் போட்டார்.

அண்டையில இருந்து, தராசில லொறி ஏறி எண் ஓடத் தொடங்கினா மௌஸ் விறைச்சுப்போய் நிக்குது. சிலவேளை நிறையில ஒரு இலக்கம் விழுந்து போகுது. முந்தநாள் 14,360 எண்டு வரவேண்டியது 1,360 எண்டு வந்தது. பக்கத்தில நிண்ட விவசாயி தராசின்ர டிஸ்பிளேயைப் பார்த்துச் சொன்னபடியால் தப்பிச்சம். காலபோக நெல் வரப்போகுது. என்ன செய்ய?

அறிவியல்நகர்_மாணவன்:
அண்ணா, இது 2000க்கு முந்திய பிரச்சினை. பயோஸில் (கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எல்லாவற்றையும் ஓட்டோவில் விடுங்கள். ஐஎஸ்ஏ காட்டைக் கழற்றி எறிந்துவிட்டு யூஎஸ்பி – சீரியல் வயர் ஒன்று வாங்குங்கள். ஐஆர்கியூ எண்ணை, அதாவது ஒரு காட் செயலியைக் கூப்பிடும் கம்பியின் எண்ணை, கையால் குறிப்பது இப்போது யாரும் செய்வதில்லை. எங்கள் ஆய்வுகூடத்துக் கணினிகளில் அந்த எண்ணுக்குப் பெரிய பொருளே இல்லை. இப்போதைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் போடும் காட் ஒரு நினைவக முகவரிக்கு ஒரு சிறு செய்தியை எழுதும், அதுவே இன்டரப்ட், செயலிக்கு அழைப்பு. தனிக் கம்பி கிடையாது. விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் பார்த்தால் அவற்றுக்கு மைனஸ் எண் போட்டிருக்கும்.

பரந்தன்_பழையவன்:
தம்பி, நீர் சொல்லுறது உம்மட ஆய்வுகூடத்துக்குச் சரி. தராசடியில நிக்கிற மெசினுக்குச் சரிவராது. அந்தப் புரோகிராம் டொஸ்ஸைக் கூடக் கேக்காமல் போர்ட் முகவரிக்கு நேராப் போய்க் கதைக்குது. கொம் 1 எண்டால் 3எஃப்8, கொம் 2 எண்டால் 2எஃப்8, கொம் 3 எண்டால் 3ஈ8. யூஎஸ்பி வயர் அந்த முகவரியில இராது. பிறகு புரோகிராம் ஆரோட கதைக்கும்? ஓட்டோவில விடச் சொல்லுறீர். ஜம்பர் (ஊசிகளில மாத்திக் கொழுவுற சின்ன மூடி) வச்ச ஐஎஸ்ஏ காட்டை பயோஸால மாத்தவும் ஏலாது, அது எந்த எண்ணில நிக்குதெண்டு கண்டுபிடிக்கவும் ஏலாது. ஜம்பர் எங்க இருக்கோ அங்கதான் அது.

மில்காரத் தம்பிக்கு நடந்தது இதுதான். கொம் 1 உம் கொம் 3 உம் வழமையா ஐஆர்கியூ 4. கொம் 2 உம் கொம் 4 உம் ஐஆர்கியூ 3. டொஸ்ஸில ஒரு ஐஆர்கியூவுக்கு, அழைப்பு வந்தால் ஆரிட்டைப் போறது எண்ட ஒரு முகவரிதான் அட்டவணையில எழுதிக் கிடக்கும். மௌஸ் ட்ரைவர் முதல்ல தன்ர முகவரியை எழுதும். பிறகு எழும்புற தராசுப் புரோகிராம் அதுக்கு மேல தன்னுடையதை எழுதிப்போடும். மௌஸ் கூப்பிட்டாலும் அதுக்குப் பிறகு கேக்க ஆளில்லை.

இலக்கம் விழுகிறது இதைவிட மோசம். ஐஎஸ்ஏயில இன்டரப்டைக் கம்பி மேல எழும்புற கணத்திலதான் பிடிக்கிறது. ஒரு காட் கம்பியை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை மற்றது உயர்த்தினால் அது புதுசா எழும்பினதாத் தெரியாது. அந்த அழைப்பு போயிடும். 9,600 வேகத்தில செக்கனுக்கு 960 எழுத்து வருது, ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெக்கன் சொச்சம். காட்டில 16450 சிப் எண்டால் ஒரு எழுத்தைத்தான் வச்சிருக்கும். அடுத்தது வந்தால் முந்தினதை மிதிச்சுப்போடும். உங்கட 4 அப்பிடித்தான் போனது.

ஜம்பரை ஐஆர்கியூ 5 க்கு மாத்துங்கோ. 7 ஐ பிரிண்டருக்கு விடுங்கோ.

அறிவியல்நகர்_மாணவன்:
ஐயா, யூஎஸ்பி பற்றிச் சொன்னது என் பிழை. டொஸ் என்பதைக் கவனித்தும் அதன் விளைவை யோசிக்கவில்லை. ஆனால் 5 தேவையில்லை என்பது என் வாதம். பழைய புரோகிராம்கள் பலவற்றில் போர்ட் எண்ணைத்தான் கேட்பார்கள், ஐஆர்கியூவை உள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். கொம் 3 என்றால் 4 என்றே அது எடுத்துக்கொள்ளும். ஜம்பரை 5 இல் வைத்தால் காட் ஒரு கதவைத் தட்ட, புரோகிராம் இன்னொரு கதவில் காத்திருக்கும்.

எரிந்துபோன கொம் 2 ஐ பயோஸில் டிசேபிள் செய்துவிட்டு, காட்டையே கொம் 2 ஆக்குங்கள்: முகவரி 2எஃப்8, ஐஆர்கியூ 3. புரோகிராமை மின்னலுக்கு முன் இருந்தபடி கொம் 2 இல் விடுங்கள். டிசேபிள் செய்யாமல் விட்டால் செத்த போர்ட்டும் அதே முகவரிக்குப் பதில் சொல்லப் பார்க்கும்.

பரந்தன்_பழையவன்:
இது நல்ல யோசனை, நான் சொன்னதை விட நல்லது. ஆனா ஒண்டைக் கவனியும் தம்பி: நீரும் இப்ப கையாலதான் குறிக்கச் சொல்லுறீர்.

மில்காரத் தம்பி, பயோஸில பிசிஐ, பிளக் அண்ட் பிளே பக்கத்தில ஐஆர்கியூ 3 க்கு நேர லெகஸி ஐஎஸ்ஏ எண்டு மாத்தி விடுங்கோ. இல்லாட்டி வெறுமையாக் கிடக்கெண்டு நினைச்சு ஐஎஸ்ஏக்குப் பிறகு வந்த பிசிஐ ஸ்லொட்டில நிக்கிற ஏதாவது காட்டுக்குக் குடுத்துப்போடும்.

நான் ஏன் இதில இவ்வளவு பிடிவாதம் எண்டு சொல்லுறன். 96 க்குப் பிறகு, போர்க்காலத்தில, வன்னியில மின்சாரம் இருக்கேல்லை. மண்ணெண்ணெயில ஓடுற ஜெனரேட்டர், ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம். மண்ணெண்ணெய் விலை தெரிஞ்சவைக்கு அந்த ரெண்டு மணித்தியாலம் என்னெண்டு தெரியும். என்ஈ 2000 எண்ட நெட்வேர்க் காட் ஒண்டு வந்தது. அது பெட்டியில இருந்து வரேக்கையே ஐஆர்கியூ 3, கொம் 2 உம் 3. இது விளங்காமல் ஒரு கிழமை எண்ணெய் எரிச்சனாங்கள். அண்டைக்குப் பிறகு நான் திறக்கிற எந்தப் பெட்டியிலும் 0 இல இருந்து 15 வரை எந்த ஐஆர்கியூவில எது நிக்குதெண்டு எழுதி மூடிக்குள்ள ஒட்டாமல் விட்டதில்லை.

முல்லைக்_கூத்து:
நானும் கையால குறிக்கிற பக்கம். வற்றாப்பளைப் பக்கம் கோவலன் கூத்துப் பதிவு செய்யிற மெசின், விண்டோஸ் எக்ஸ்பி. அண்ணாவியார் விருத்தத்தை இழுக்கேக்கை நடுவில சடக் சடக் எண்டு வெட்டும். பாத்தால் சவுண்ட் காட்டும் யூஎஸ்பியும் ஒரே ஐஆர்கியூ. காட்டைக் கழற்றி ரெண்டு ஸ்லொட் தள்ளிப் போட்டன், சத்தம் நிண்டுட்டுது. பங்கு போட்டால் சண்டைதான்.

அறிவியல்நகர்_மாணவன்:
இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிசிஐயில் பங்கு போடுவது குற்றமில்லை, அதற்காகவே அதை அமைத்தார்கள். அங்கே கம்பியின் எழுச்சியைப் பார்ப்பதில்லை, நிலையைப் பார்க்கிறார்கள். யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அழைப்பு உயிரோடு இருக்கும். ட்ரைவர்கள் ஒவ்வொன்றாக வந்து "என்னுடையதா?" என்று பார்க்கும். எக்ஸ்பி, ஏசிபிஐ முறையில் (விண்டோஸே ஐஆர்கியூக்களைப் பங்கிடும் முறை) எல்லாக் காட்டையும் 9 இல் அடுக்கியிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்து, விண்டோஸை அந்த முறை இல்லாத ஸ்டாண்டர்ட் பிசி என்று திருப்பிப் போட்டார்கள். அது வேண்டாத வேலை. உங்கள் சத்தத்துக்குக் காரணம் வரிசையில் முன்னுக்கு நின்று நேரத்தைத் தின்ற யூஎஸ்பி ட்ரைவராக இருக்கும். ஸ்லொட் மாறியதும் நான்கு கம்பிகளில் வேறொன்றில் விழுந்து தப்பிவிட்டீர்கள். நோய் அந்த ட்ரைவரில் இருக்கிறது.

முல்லைக்_கூத்து:
தம்பி, ட்ரைவரைத் திருத்த எனக்குத் தெரியாது. ஸ்குரூ கழற்றத் தெரியும். கிழவர் அந்த விருத்தத்தை இன்னொருக்கால் பாடுவாரோ எண்டு நிச்சயமில்லை. எனக்கு அண்டைக்கு வெட்டாமல் வரவேணும்.

பரந்தன்_பழையவன்:
நோய் எங்க எண்டது தம்பி சொன்னது சரி. ஆனா ரெண்டு பேரையும் பிரிச்சு விட்டது மருந்துதான். அதில நான் கூத்துக்காரர் பக்கம்.

அறிவியல்நகர்_மாணவன்:
ஸ்லொட் மாற்றுவதை நான் தடுக்கவில்லை, ஐயா. எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைத்தான் எதிர்க்கிறேன். லினக்ஸில் ப்ரொக் அடைவுக்குள் இன்டரப்ட்ஸ் என்றொரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் எந்த வரியில் எத்தனை தடவை அழைப்பு வந்தது, எந்தக் கோர் அதை எடுத்தது என்று ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

மாங்குளம்_மில்:
இண்டைக்குச் செய்தன். கொம் 2 டிசேபிள், ஜம்பர் 2எஃப்8 உம் 3 உம், பயோஸில 3 க்கு லெகஸி ஐஎஸ்ஏ. வெறும் லொறியை மூண்டு தரம் ஏத்தி இறக்கி, அந்த நேரம் முழுக்க மௌஸைச் சுத்திக்கொண்டே இருந்தன். மூண்டு தரமும் 5,480. மௌஸும் நிக்கேல்லை.

காட்டில இருக்கிற சிப்பின்ர தூசியைத் துடைச்சுப் பாத்தன். 16450 தான்.

பரந்தன்_பழையவன்:
அப்ப அதையும் மாத்துவம். 16550 ஏ வச்ச காட் ஒண்டு என்னட்டை சும்மா கிடக்கு. அது 16 எழுத்து தாங்கும். புரோகிராம் அந்த வசதியைத் திறந்துவிடாட்டி பலன் குறைவுதான், ஆனா ஒரு கை மாற்றுக்காவது இருக்கட்டும். வெளியில இருந்து வாற தராசு வயராலதான் மின்னல் உள்ள வந்திருக்கும். அதுக்கும் இடையில, மின் தொடுப்பில்லாமல் ஒளியால தகவலைக் கடத்துற ஒரு ஒப்டிக்கல் ஐசொலேட்டர் போடோணும். எத்தினை மீற்றர் வயர்?

மாங்குளம்_மில்:
முப்பதுக்குக் கிட்ட, ஐயா. தென்னைக்கு மேலால இழுத்திருக்கு. செவ்வாய்க்கிழமை பரந்தனுக்கு உமி லொறி வருது, அதில நானும் வாறன். 0 இல இருந்து 15 வரை எழுதி மூடிக்குள்ள ஒட்டிப்போட்டன். 5 க்கு நேர வெறுமையா விட்டிருக்கிறன்.