எராஸ்மஸ் பரிமாற்றம்: ஐரோப்பாவில் படிக்கும் தாள்களை இங்கே ஏற்க வைப்பது எப்படி?

வணக்கம்ங்க. ஈரோடு பக்கம், பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஒரு இணைவுபெற்ற கலைக் கல்லூரி. பி.ஏ. மாணவர் இருவர் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்ற உதவித்தொகையில் ஐந்தாம் செமஸ்டருக்கு ஐரோப்பா போகத் தேர்வாகியிருக்கிறார்கள். வரலாறு, தத்துவம், ஓவியம் எல்லாம் சேர்த்துப் படிக்கிற வாய்ப்பு, கைவிட மனசு வரவில்லை.

மாட்டியிருப்பது கிரெடிட்டில். அங்கே செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட்); ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் படிப்பதும் அதில் சேர்த்தி. இங்கே ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி வகுப்பு, 15 வாரம். மணிக்கணக்கை வைத்துப் பெருக்கினால் தப்பாகிவிடும். முழுச் சுமைக்கு முழுச் சுமை என்று விகிதத்தில் மாற்றுவதுதான் நியாயம். காலமும் இடிக்கிறது. அங்கே செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும், இங்கே நவம்பரில் தேர்வு. எழுதாவிட்டால் ஐந்து தாளும் அரியர்.

இரண்டு பாடத்திட்டங்களையும் யூனிட் யூனிட்டாக அருகருகே வைத்து அட்டவணை போட்டாயிற்று. ஐந்தில் மூன்று நன்றாகவே பொருந்துகிறது. அங்கே படிக்கப்போகும் தாள்களைப் பட்டியலிடும் லேர்னிங் அக்ரிமென்ட்டில் மாணவர், இரு கல்லூரிகள் என மூன்று கையெழுத்தும் இருக்கிறது. அதை இணைத்து மூன்று முறை எழுதியும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் பதில் ஒன்றுதான்: தாள் குறியீடு இல்லாமல் மதிப்பெண் ஏற்ற முடியாது. ஆறாம் செமஸ்டருக்குத் தள்ளினால் ப்ராஜெக்ட் வைவா இடிக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் பயணம்.

இணைவுபெற்ற கல்லூரியில் இதை முடித்தவர்கள் சொல்லுங்க: தாளுக்குத் தாள் சமநிலை ஒப்புதலைப் பயணத்துக்கு முன்பே எந்தக் குழுவிடம், எந்த ஆவணங்களைக் கொடுத்து வாங்கினீர்கள்?