புதுப்பிப்பு: நூலகப் பட்டியலில் தமிழ்த் தேடல் சரியாகிவிட்டது
கோஹா என்ற நூலக மென்பொருளில் தமிழ்த் தலைப்பைத் தட்டினால், நூல் அலமாரியில் இருந்தும் 'முடிவு இல்லை' என்று வருகிறதே என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவில், அட்டவணையிடும் முறையை சிஎச்ஆரிலிருந்து (CHR) யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியூவுக்கு (ICU) மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. மாற்றினால் மட்டும் போதாது, எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து மறுஅட்டவணை செய்ய வேண்டும். நூலகம் மூடியபின் ஓடவிட்டோம்.

அப்புறமும் சில நூல்கள் சிக்கவில்லை, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பதிவேற்றும்போது 'மௌனம்' என்பதை மெ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டி 'மெளனம்' ஆக்கியிருக்கிறோம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு சொல். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், உண்மையிலேயே ள வரிசை எழுத்து வரும் 'வெளி', 'தெளிவு' எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். வெறுங்கையோடு திரும்பிய வாசகரிடம் நேற்று அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன், அவ்வளவு நிம்மதி.