சர்க்கரைப் புண்ணில் 'நல்ல பாக்டீரியா' போடலாமா?

டிரெஸ்ஸிங்_ரூம்:
தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா, அதன் இனத்திலேயே தொற்று உண்டாக்கும் ஆரியஸை அடக்குகிறது என்ற செய்தி பரவியதிலிருந்து, புரோபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கால் புண்ணில் தூவலாமா, தயிர் தடவலாமா என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? ஸ்வாப் ரிப்போர்ட்டில் 'கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃப்' (ஆரியஸ் அல்லாத ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள்) என்று வந்தால் நல்ல கிருமி என்று விட்டுவிடலாமா?

லேப்_மேசை:
தூவ வேண்டாம் சிஸ்டர். அது சான் டியாகோவில் ரிச்சர்ட் காலோ குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு. 54 பேர், ஒரு வாரம், முன்கை எக்ஸிமா. திறந்த புண்ணே இல்லை. போட்டதும் ஹோமினிஸில் ஏ9 என்ற ஒரே ரகம். அது பெப்டைடு சுரந்து ஆரியஸைக் கொல்கிறது; சாகாத ஆரியஸிலும் நச்சைச் சுரக்கச் சொல்லும் சிக்னலை அடைக்கிறது. ஆரியஸ் குறைந்தது உண்மை. ஆனால் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் எக்ஸிமாவின் கடுமையில் சொல்லும்படி வித்தியாசமில்லை.

கேப்ஸ்யூல் குடலுக்கென்று செய்தது, ஸ்டெரைல் அல்ல. உள்ளே இருப்பது பேசில்லஸ் கிளாசி என்றால் அது ஸ்போர், அதாவது தடித்த ஓடுள்ள உறங்கும் வடிவம். கையில் பட்டால் ஆல்கஹால் ரப்புக்குச் சாகாது, சோப்பும் தண்ணீரும்தான். சாக்கரோமைசஸ் என்ற ஈஸ்ட் புரோபயாடிக் பாக்கெட்டை சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய்) போட்டவர் பக்கத்தில் பிரிக்கவே கூடாது, தூள் பறந்து ரத்தத்தில் ஈஸ்ட் ஏறலாம்.

ரிப்போர்ட் விஷயம்: மேலோட்டமான ஸ்வாபில் வந்தால் பெரும்பாலும் தோலில் இருந்ததுதான். எலும்புத் திசுவில் வளர்ந்தால் அப்படித் தள்ளக் கூடாது. அந்த வகைகளில் லக்டுனென்சிஸ் வந்தால் ஆரியஸுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுங்கள். கோயாகுலேஸ் ஸ்லைடு டெஸ்டில் பாசிட்டிவ் காட்டி ஏமாற்றும், டியூபில் நெகட்டிவ். வேடிக்கை என்னவென்றால், ஆரியஸைக் கொல்லும் லக்டுனின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சுரப்பதும் இதே கிருமிதான் (ஜெர்மனியின் டியூபிங்கன் குழு, 2016).

தீக்காயப்_பிரிவு:
தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் இனத்தை அடியோடு தள்ள வேண்டாம். அர்ஜென்டினாவில் 2009இல் தீக்காயத்தில் அந்த இனத்துப் பிளாண்டாரம் வளர்ப்பை, வழக்கமான தீக்காய மருந்தான சில்வர் சல்ஃபாடையஸினோடு ஒப்பிட்டார்கள். ஆனால் அது ஆய்வகத்தில் தனியாக வளர்த்த ஒற்றை ரகம். வீட்டுத் தயிரில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பாதம்_பார்ப்பவர்:
சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ்: இவற்றில் குறைந்தது இரண்டு அறிகுறிகள் இல்லாமல் கல்ச்சரே அனுப்பாதீர்கள். அனுப்பினால், இறந்த சதையை எடுத்தபின் க்யூரெட்டால் (கரண்டி போன்ற கருவி) சுரண்டிய திசுவை அனுப்புங்கள். ஸ்வாப்தான் முடியும் என்றால் முதலில் சலைனில் கழுவி, சிவந்த சதையில் 1 சதுர செ.மீ. இடத்தில், உள்நீர் கசியும்படி அழுத்தி 5 விநாடி உருட்டுங்கள். சீழைத் தொட்டு அனுப்பினால் மேலே மிதப்பதுதான் வளரும்.

இருக்கும் நல்ல கிருமியைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. தொற்று இல்லாத புண்ணுக்கு 0.9% சலைன் போதும். சுற்றியுள்ள நல்ல தோலில் தினமும் போவிடோன் அயோடின் தேய்த்தால் எது நல்லது, எது கெட்டது என்று அது பார்க்காது. சாதாரண சோப்பின் பிஹெச் 9–10, தோலுடையது 5 பக்கம், 5.5 உள்ள கிளென்சர் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் செருப்பைப் பாருங்கள். உள்ளங்காலில் அழுத்தம் குறையாதவரை எந்தக் கிருமியைப் போட்டாலும் புண் மூடாது.